வால் எழுத்து

"அரை இஞ்சி கனெக்டர் ஒன்று தாங்க அக்கா"
ஜன்னலுக்குள் கையை நீட்டுகிறான் ஜவ்பர்.
என் ஸ்டோர்ஸில் அப்படி ஒரு சாமான் இல்லை.
எட்டு இருக்கிறது.
"நம்பரைச் சொல்" என்கிறேன்.
கொட்பேயில் மீன் லொறிகள் ஐஸுக்கு வரிசையில் நிற்க
அவன் பல்லைக் கடித்துக்கொண்டு
உள்ளங்கையில் எழுதியதை வாசிக்கிறான்:
எஸ்எஸ், எட்டு, எம், எட்டு.
"பிறகு?"
"பிறகு என்ன?"

முன்னால் நிற்பது உலோகம்.
எஸ்எஸ் துருப்பிடிக்காத உருக்கு.
பி என்றால் பித்தளை, எந்தப் பாஷையிலும் அதே பி,
அது இந்த வாசற்படி தாண்டக்கூடாது:
அமோனியா பித்தளையை உள்ளிருந்து வெடிக்க வைக்கும்.
அடுத்தது குழாயின் வெளிவிட்டம்.
ஓர் அங்குலத்தைப் பதினாறு வீசமாய் வெட்டி
எட்டு வீசம்.
பொன் நிறுப்பவர்கள் கைவிட்ட கணக்கை
குழாய்க்காரர்கள் இன்னும் விடவில்லை.

எம் ஆண். எஃப் பெண்.
புரி வெளியே இருந்தால் ஆண், உள்ளே இருந்தால் பெண்.
நான் சேர்ந்த முதல் நாள் இதை விளக்கும்போது
ரணவீர மாத்தையா மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

என் அடையாள அட்டையும் இப்படி வாசிக்கக் கூடியதுதான்.
முதல் இரண்டு பிறந்த வருஷம்,
அடுத்த மூன்று அந்த வருஷத்தில் எத்தனையாம் நாள்,
பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டு.
எழுநூற்றுப் பதின்மூன்றாம் நாள் பிறந்தவள் நான்.
ஐந்நூறு கூட்டியது அட்டையில் மட்டும்,
சம்பளச் சீட்டில் இல்லை.
சாவடி இருந்த காலத்தில்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பையன்கள்
படத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள்,
ஒருவனும் நம்பரை வாசிக்கவில்லை.

கடைசி எட்டு மறுபக்கத்துப் புரி.
அதற்குப் பிறகு ஒரு வால் இருக்கலாம்.
வால் இல்லாவிட்டால் அமெரிக்கப் புரி,
பல்லுக்குப் பல் அறுபது பாகை.
ஆர் என்று வால் இருந்தால் ஐம்பத்தைந்து.
கால் அங்குலத்தில் மாறிப்போனால் கையே சொல்லிவிடும்,
இரண்டு சுற்றில் இறுகி நிற்கும்.
அரையில் அப்படி இல்லை.
இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு புரி.
ஏறும். நன்றாக ஏறும்.
ஐந்து சுற்று ஏறி, பொருந்தினேன் என்று பொய் சொல்லும்.

மாசியில் அப்படி ஒன்றைக் கொடுத்தவள் நான்தான்.
வால்வு ஜப்பான், வால் வேண்டிய வால்வு.
என் கொப்பியில் அந்தக் கட்டம் ஒடுக்கம்,
ஆர் எழுத இடம் போதவில்லை,
விட்டுவிட்டேன்.
ஓர் எழுத்துத்தானே.

நாலாம் இரவு மணத்தது.
ஐஸ் உடைக்கும் பொடியன்கள்
ஈரத் துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு
ஜெட்டிப் பக்கம் ஓடினார்கள்.
கண் எரிய எரிய ஜவ்பர் உள்ளே போய்
பெரிய வால்வைப் பூட்டினான்.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஏழு தொன் ஐஸ் தண்ணீராய்ப் போனது.
ரணவீர மாத்தையா கொப்பியைக் கேட்டார்,
பக்கத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்காமல் திருப்பித் தந்தார்.
ஏசியிருக்கலாம்.

அன்று பின்னேரம் அடிமட்டம் வைத்து
எல்லாக் கட்டங்களையும் அகலமாக்கினேன்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம்.

"பிறகு என்ன அக்கா?" என்கிறான் இன்னும்.
"வால்வைப் போய்ப் பார்த்துவிட்டு வா."
முணுமுணுத்துக்கொண்டு போகிறான்.
வருகிறான். "ஆர்."
இரண்டாம் தட்டு, நீலப் பெட்டி. கொடுக்கிறேன்.

வேலை முடிந்தபின் நானும் போனேன்.
சிவப்பு லிட்மஸ் தாளை நாக்கில் நனைக்காதே என்பார்கள்,
போத்தல் தண்ணீரில் நனைத்து
மூட்டுக்குக் கீழே பிடித்தேன்.
கசிந்தால் நீலமாகும்.
சிவப்பாகவே இருந்தது.
"போதும் அக்கா" என்றான் ஜவ்பர்.
கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.