திரும்பாத தாழ்

குழலை மடக்கி இழுத்தால்
தாழ் தானாக விழும்.
க்ளிக்.
செஸெலா ஆலையில் பதினோரு வருஷம் ஃபிட்டர் நான்,
சத்தத்தை வைத்தே சொல்வேன்
எந்தப் பல் எதில் அமர்ந்ததென்று.

விழுவது தானாக.
விலக்குவது என் கட்டைவிரல்.
விலக்கியதைத் திரும்பப் போடுவது யார் வேலை?
அட்டைப்பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது,
நான் படிக்கவில்லை.

ஜூலை. உம்சிந்தோவுக்கு மேலே
நேற்று எரித்த கரும்புக்கொல்லை.
கினிக்கோழிகள் வெந்த புழு பொறுக்க வரும்,
புள்ளிச்சேலை கட்டிய கூட்டம்,
வாய் ஓயாத கூட்டம்.
நானும் பெக்கியும் மண்கரைக்குப் பின்னால்,
வயிறெல்லாம் சாம்பல்.

ஒன்று தனியாக வந்தது.
கழுத்து நீலம். தலையில் கொம்பு.
இருபது மீட்டர் இருக்கும்.
தாழை முன்னே தள்ளினேன்.
சிவப்புப் புள்ளி கண் திறந்தது.

அப்போது பார்த்துத்தான்
கரும்பு லாரி ஒன்று மேட்டில் கியர் மாற்றியது.
கூட்டமே எழுந்து போனது.
அதுவும் போனது.

சுட்டிருந்தால் ஒன்றுமில்லை.
குறி தப்பியிருந்தாலும் ஒன்றுமில்லை,
சுருள்வில் விரிந்திருக்கும், குழல் காலியாகியிருக்கும்.
பறந்துபோன பறவைதான்
எதையோ மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது.

சே என்று துப்பாக்கியை இறக்கினேன்.
பெக்கி லாரிக்காரனின் அம்மாவை
ஜூலு மொழியில் நலம் விசாரித்தான்.
நடந்தோம்.
ஓவர்டைம் பணம், அவன் மகளின் பள்ளிச் சட்டை,
கூரைத் தகரத்தின் விலை.
பேச்சு நெடுக
அந்தச் சிவப்புப் புள்ளி என் விலாவோடு ஒட்டி
விழித்துக்கொண்டே வந்தது.

முள்வேலி.
அவன் முதலில் தாண்டிக் கையை நீட்டினான்.
நான் கொடுத்தேன்,
குழல் முன்னால்,
ஒரு குச்சியைக் கொடுப்பதுபோல.
என் சட்டைக்கையா, கம்பி முள்ளா,
விசையைத் தொட்டது எது
இன்றுவரை தெரியாது.

டப்.
பெரிய சத்தமில்லை. அலமாரிக் கதவு சாத்திய அளவு.

அவன் இடுப்பில் தொங்கிய ஃப்ளாஸ்க்
உள்ளுக்குள் நொறுங்கியது.
தேநீர் தொடை வழியே இறங்கி
பூட்ஸுக்குள் போனது.
பெக்கி ஈரத்தைத் தொட்டான்,
விரலை முகர்ந்தான்,
தேநீர்தான் என்று தெரிந்த பிறகே
என்னைப் பார்த்தான்.

"சேஃப்டி, பூபா?"
குனிந்து பார்த்தேன். சிவப்பு.

ஆலையில் சிவப்பென்றால் நின்றுவிட்டது என்று பொருள்.
நசுக்கும் உருளைக்குள் ஆள் இறங்குமுன்
சிவப்புப் பூட்டு மாட்டுவேன், கையெழுத்திடுவேன்,
சாவி என் பையில்.
அந்தப் பூட்டை நம்பி இதே பெக்கி
எத்தனை முறை மல்லாந்து படுத்திருக்கிறான்
பற்களுக்கு அடியில்,
பாட்டு முணுமுணுத்தபடி.

துப்பாக்கியில் குற்றமில்லை.
அன்றிரவு பிரித்துப் பார்த்தேன்,
ஏதாவது தேய்ந்திருக்காதா என்ற ஆசையில்.
விரல்நகமளவு தகடு, எண்ணெய் மினுங்க,
தள்ளினால் போகிறது,
இழுத்தால் வருகிறது.
வந்திருந்தாலும் அது வெறும் தகடு.
குழலின் வாய் அவனைப் பார்த்ததற்கு
எந்தத் தகடு பொறுப்பு?

அடுத்த சனிக்கிழமை
புது ஃப்ளாஸ்க்கோடு வந்தான்.
விலை சொன்னான், கொடுத்தேன்,
ஐந்து ராண்ட் மீதி தந்தான்.

வேலி வந்ததும் தாண்டி
அந்தப் பக்கம் தள்ளி நின்றான்,
கைகள் பைக்குள்.
நான் திரும்பி
ஈரவரப்பில் சுட்டேன்.
ஒரு பிடி மண் எழும்பி அடங்கியது.
தூரத்தில் கினிக்கோழிகள் கெக்கலித்துப் பறந்தன,
அன்றைய வேட்டை முடிந்தது.
துப்பாக்கியை மடக்கிக் கட்டையை முன்னால் நீட்டினேன்.
அப்போதுதான் கை வெளியே வந்தது.

இந்தக் குளிர்காலக் கணக்கு:
கோழி மூன்று.
வரப்புக்குக் கொடுத்த ஈயம் இருபத்தாறு.

டப்பாவைக் குலுக்கிப் பார்த்துத் தேவகி கேட்கிறாள்,
"மண்ணையா வேட்டையாடப் போறீங்க?"

ஆமாம் என்கிறேன்.