இருபத்தொரு கிண்ணம் சூப்

இரவு ஏழு நாற்பது. துர்க்கு துறைமுகம்.
கரையோரக் கடல் கல்லாகிக் கிடக்கிறது.
கப்பல் கம்பெனி மூன்றாம் மாடியில்
அவசரப் பணிக்கு நானும் ஓய்லியும்.

கீழே நிற்கும் கப்பலின் சமையலறையிலிருந்து போன்:
"ஒரே கேபினில் இருபத்தொரு பேரா?
கட்டிலே நாலுதானே!"
சமையல்காரர் தூரே கடமை தவறாதவர்.
கேள்வி கேட்குமுன்பே
இருபத்தொரு கிண்ணம் சால்மன் சூப் ஊற்றிவிட்டார்.

விசாரணை தொடங்கியது.

முதலில் கோபால்.
எழுத்தில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலிருக்கும்,
ஆனால் இது கணக்குப் பார்க்கும் கணினி மொழி.
மூன்று முறை பிரிவுபசார விழா நடத்தி
மாலை போட்டு அனுப்பியாயிற்று.
திங்கட்கிழமை காலை சம்பளப் பட்டியலோடு அதே நாற்காலியில்.
முற்றுப்புள்ளி வைக்காமல் பேசாது:
"என்னிடம் வரும்போதே இருபத்தொன்று. புள்ளி."

ஜாவாவிடம் போனோம்.
ஆமா இல்லையா என்று சொல்லுமுன்
தான் எந்த வகுப்பு, யாருக்கு வாரிசு,
வாசல் பொதுவா தனியா என்று
கல்யாணப் பத்திரிகை முழுக்க வாசித்தது.
ஓய்லி இரண்டு காபி குடித்துவிட்டாள்.
பதில்: "மேலிடத்தில் கேளுங்கள்."

சி அதிகம் பேசாது.
கத்தி கேட்டால் கத்தி.
கூர்முனை யார் பக்கம் என்று பார்க்காது.
விரல் போனபின் நாம் போய் அழுதால்,
"கேட்டாய். கொடுத்தேன்."

அப்படி விரல் போனவர்கள் வளர்த்த பிள்ளை ரஸ்ட்.
ஒரு பென்சில் இரவல் கேட்டால்
எதற்கு, எத்தனை மணிவரை,
நடுவில் வேறு யாருக்கும் நீட்டமாட்டாயே?
எரிச்சல்தான்.
ஆனால் அதன் பென்சில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

ஹாஸ்கெல் மடி.
சூப் சரியான சூப்தான் என்று நிரூபித்துக் காட்டும்;
அடுப்பைத் தொடச் சொன்னால் மட்டும்
தள்ளி நின்றுகொள்ளும்.

பைத்தான் எல்லோருக்கும் சிநேகிதர்.
வாசலில் ஒரு பூட்ஸ் அரை அங்குலம் உள்ளே நகர்ந்திருந்தால்
விருந்தையே ரத்து செய்வார், அவ்வளவுதான்.

எஸ்கியூஎல் பெரிய எழுத்தில் கத்தியது.
தமிழில் பெரிய எழுத்து கிடையாது,
எனவே இங்கே அது சாதுவாகத் தெரியும். நம்பாதீர்கள்.

மூலையில் பழைய பெர்ல் ஒரு பக்கம்.
எழுதிய வில்ப்புவையே தூக்கத்திலிருந்து எழுப்பினோம்.
நெடுநேரம் பார்த்தார்.
"கையெழுத்து என்னுடையதுதான். பாஷைதான் புரியவில்லை."

கடைசியில் ஜாவாஸ்கிரிப்ட்.
(ஜாவாவுக்கு உறவா என்று கேட்காதீர்கள், இருவருக்கும் கோபம் வரும்.)
இல்லை என்ற சொல்லே அதற்குத் தெரியாது.
பெரியவர் இரண்டு, குழந்தை ஒன்று, கூட்டு என்றிருந்தோம்.
கூட்டவில்லை. புணர்த்திவிட்டது.
இரண்டு, பக்கத்தில் ஒன்று: இருபத்தொன்று.
இலக்கணத்துக்கு இயல்பு புணர்ச்சி,
கேபினுக்குப் பதினெட்டு பேர் கூடுதல்.

"எழுத்தாகக் கொடுத்தீர்கள், எழுத்தாகச் சேர்த்தேன்.
யார் மனசும் நோகக்கூடாதே!"

இந்த வரியை எழுதிய மகானுபாவர் யார் என்று
ஓய்லி பதிவேட்டைத் திறந்தாள்.
அக்டோபர். வெள்ளிக்கிழமை. மாலை நாலே முக்கால்.
என் பெயர்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
லிஃப்ட் திறந்தது.
தூரே அனுப்பிய தள்ளுவண்டியில் ஆவி பறக்கப் பதினெட்டுக் கிண்ணம்.

மொழிகள் சூப் குடிப்பதில்லை.
நான் ஐந்தாவதில் இருக்கிறேன்.