அரை நூல்

பாறசாலையில் ஏழாயிரத்துக்கு வாங்கிய ரம்ப மேசை
எல்லை தாண்டிக் களியக்காவிளை வந்தது
மீன் வண்டியில், வாளை மீன்களுக்கு நடுவே.

கதவு நிலை அறுக்க அது தாராளம்.
கிதார் கழுத்துக்குக் காணாது.

விஜிலாவின் நகப்பூச்சால்
வாளின் ஒரு பல்லைச் சிவப்பாக்கினேன்.
முன்னால் வைத்து அளந்தேன்.
கையால் சுற்றிப் பின்னால் கொண்டுபோய்
அதே பல்லை அளந்தேன்.
அரை நூல் விலகல்.
வேறு பல்லைத் தொட்டிருந்தால்
வாளின் நெளிவை மேசை மேல் சுமத்தியிருப்பேன்.

அடியில் நான்கு போல்ட். மூன்றைத் தளர்த்தினேன்.
ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு: அதிகம்.
எதிர்ப்பக்கம் ஒன்று: அதைவிட அதிகம்.
சோடா டின்னில் வெட்டிய தகட்டைச் செருகி
முறுக்கும்போது மறுபடி நகர்ந்தது.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், மலையாளத்தில்,
அடுத்த வீட்டு உபதேசியாருக்குப் புரியாதென்று.
இருமினார்.

ஐந்தாவது முறை
பீடித்தாள் இரண்டு முனையிலும்
ஒரே உரசலோடு நுழைந்தது.

பிறகு ஈட்டிப் பலகை.
முதல் ஃப்ரெட், நட்டிலிருந்து
முப்பத்தாறு மில்லி, கொஞ்சம் சொச்சம்.
இரண்டாவதையும் நட்டிலிருந்தே அளக்கணும்.
முந்தைய கோட்டிலிருந்து அளந்தால்
பிழை குட்டி போடும்.

பதினொன்று முடிந்ததும் கரண்ட் போனது.
சாலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்,
பேக்கரி பல்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாவது இன்னும் பென்சில் கோடுதான்,
தந்தியின் சரிபாதி.
சுழற்சி ஓய்ந்து
சிவப்புப் பல் எங்கோ மேசைக்கடியில்.

"என் நகப்பூச்சைக் கண்டீங்களா?"
இருட்டில் விஜிலா.