பதினாலாம் கல்லில் ஓர் ஊற்று

இரவு பத்துக்குக் கிளம்பினால்
விடியும்முன் எட்டு கிலோமீட்டர்.
மண்ணுக்குள் எண்ணெய்க் குழாய் போகிறது,
மண்ணுக்கு மேல் நான்.
இடுப்பில் கட்டிய கருவி
என் ஒவ்வோர் எட்டையும்
எங்கோ ஒரு திரையில் பச்சைப் புள்ளியாக வைக்கிறது.
பத்து நிமிஷம் நின்றால் சிவப்பு.
சிவந்தால் தினகர் சார் கூப்பிடுவார்:
"என்ன நம்புராசா, தூங்கிட்டியா?"

உடைமரக் காடு,
உப்புப் பூத்த பொட்டல்,
பூவரசன்வலசைச் சுடுகாடு தாண்டி
மணல்மேடு ஏறினால் கடல் காற்று.
அங்கே பதினாலாம் கல்.
மஞ்சள் பலகையில் மண்டையோடு,
கீழே கொட்டை எழுத்தில்
இங்கே தோண்டாதீர்.

பலகையிலிருந்து ஆறே எட்டில்
ஊற்று.

தோண்டாமல் எப்படி?
ஊரில் எங்கே குத்தினாலும் கரிப்பு.
இந்த மேட்டில் மட்டும்
ஐப்பசியில் பெய்த மழை
உப்புத்தண்ணீரின் முதுகில் ஏறி
சத்தமில்லாமல் படுத்திருக்கிறது.
ஒரு சாண் கூடத் தோண்டிவிட்டால்
கடல் விழித்துக்கொள்ளும்.
அந்த அளவு ஜொகராம்மாவின் முழங்கைக்குத் தெரியும்,
என் பெண்டாட்டி பூரணத்துக்குத் தெரியும்.
குழாய் போட வந்த எஞ்சினியரின் வரைபடத்தில்
அது வெறும் மணல்.

சிரட்டையால் கோரிக் கோரி
ஒரு குடம் நிறைய முக்கால் மணி.
தள்ளுவண்டிக்கு எட்டுக் குடம்.
கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்
ஒரு பகலில் என்ன மிச்சம் என்று.

இன்று இரண்டரை மணி.
நிலா மேற்கே சாய்ந்திருந்தது.
முதலில் மூக்குக்குத்தான் வந்தது.
போட்டில் டீசல் ஊற்றும்போது வருமே,
அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக.
டார்ச் அடித்தேன்.
ஊற்றின் கண்ணில்
மயில்கழுத்து நிறம்.

இரும்புத் துருவும் அப்படி மினுங்கும்.
துருவென்றால் தொட்டதும்
ஓட்டுச்சில்லாக உடைந்து நிற்கும்.
பனையீர்க்கால் கீறிப் பார்த்தேன்.
பிரிந்தது.
மெதுவாகக் கூடி மூடிக்கொண்டது.

உப்பின்மேல் நல்ல தண்ணீர் மிதக்கிறது.
நல்ல தண்ணீர்மேல் இது மிதக்கிறது.
இதன்மேல்
மாசம் ஒன்பதாயிரத்துக்கு நான் நடக்கிறேன்.

படிவத்தில்
கசிவு: உண்டு, இல்லை.
அடுத்த கட்டம்,
குழாயருகே பள்ளம் தோண்டியவர்: பெயர், ஊர்.
முதலாவதை எழுதினால் இரண்டாவதையும் எழுத வேண்டும்.
போன வருஷம் பதினொன்றாம் கல்லில்
களஞ்சியம் எழுதினான்.
மறுநாளே வண்டி வந்தது,
ஊற்றை மூட.
இரண்டு லோடு செம்மண்.
குழாய்க்கு ஆள் வர இருபது நாள் ஆனது.
அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும்
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்குகிறார்கள்.

எழுதாவிட்டால்
நாலு மணிக்கு வண்டிகள் வரும்.
பூரணம் முதல் சிரட்டையை
எப்போதும் அங்கேயே நின்று குடித்துப் பார்ப்பாள்.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
மஞ்சள் கோட்டைக் கழற்றி
ஊற்றின் வாயில் விரித்து
அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
மணல் சில்லென்றிருந்தது.
இந்நேரம் திரையில்
நான் சிவந்திருப்பேன்.

போன் அடித்தது. எடுக்கவில்லை.
மறுபடியும் அடித்தது.

"என்ன நம்புராசா, தூங்கிட்டியா?"
"இல்ல சார். பதினாலுல உக்காந்திருக்கேன்."
"ஏன்?"
"தண்ணி ஊறியிருக்கு சார்.
ஒரு டம்ளர் எடுத்துக்கிட்டு
நீங்களே வாங்க."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம்,
வேறொன்றும் இல்லை.
இந்தப் பக்கம் மேட்டுக்குக் கீழே
எண்ணெயே காணாத ஒரு வண்டிச் சக்கரம்
கிரீச்சிட்டபடி ஏறி வந்தது,
நாலாக இன்னும் நேரம் இருக்க.
யார் வண்டியென்று
சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.