ஐயக்கடன்

மார்ச் முப்பத்தொன்று. சோமனூர் நூல்கடையில்
விசிறிக்கடியில் பேரேடு படபடக்கிறது.
தொண்ணூறு நாள் தாண்டினால் பத்து விழுக்காடு,
வருசம் தாண்டினால் பாதி;
ஆடிட்டர் சொல்லிவிட்டு
டீ ஆறுமுன்னே போய்விட்டார்.

"ஆறுக்குட்டி எங்க போயிருவான்,
தறி எட்டு ஓடுதல்ல" என்கிறார் முதலாளி.
எட்டில் ஐந்து
பழைய இரும்புக்குப் போனது எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

நாற்பதாம் நம்பர் நூல், பதினோரு மூட்டை.
ஆளைப் பாதியாக்கி
ஒதுக்கீட்டில் எழுதினேன்.
பென்சிலில்தான்.

ஏழரை மணி மினிபஸ்ஸில்
முன்படியோரம் அவரே நிற்கிறார்.
"கருமத்தம்பட்டி ரெண்டு,
அந்த அம்மிணிக்கும் சேத்தி"
என் பக்கம் திரும்பாமல் கை நீட்டுகிறார்.

உள்ளங்கையில்
எண்ணி வைத்த சில்லறை.