ஆறாம் ஆள்

ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று
ஒலிபெருக்கி கட்டிய ஜீப் சொல்லிப்போன
அதே கிழமைதான்
எங்கள் கோஷ்டியில் ஆறாவது ஆள் சேர்ந்தார்.

முதலில் எர்மன் ஒக்கர்ஸ்.
பாலையூற்றுப் பறங்கி. கறுத்தப் பெட்டியில் வயலின்.
நாளெல்லாம் தகரம் தட்டுகிற கை
வில்லைப் பிடித்தால் கொஞ்சம் வெட்கப்படும்.
பிறகு அவர் மைத்துனி கிளாரிஸ்.
பறங்கிப் பாட்டெல்லாம் அவளுக்குப் பாடம்,
பொருள் பாதிதான் தெரியும்.
மண்டலினுக்கு, தபால்கந்தோரில் முத்திரை குத்தும் புவிதாசன்.
ஆர்மோனியம் சோமலதாவுடையது.
மட்கோவில் வீடு எரிந்த அன்று
அதை மட்டும்தான் தூக்கிவந்தாள்.
மூன்று கட்டை ஊமை.
அந்த மூன்றும் தேவைப்படாத பாட்டாய்ப் பார்த்துத் தொடங்கினோம்.
நான் சங்கக்கடைக் கணக்கு. எனக்கு ஒன்றும் வராது.
உடைந்த பாலத்துக் கம்பியை வளைத்து
முக்கோணம் என்று கையில் தந்தார்கள்.

இந்த நேரத்தில் ஏன் இது என்று கேட்டவர்களுக்கு
எர்மன் சொன்ன மறுமொழி:
சனம் கலியாணம் கட்டாமலா விட்டது?

றபானுக்குத்தான் ஆளில்லை.
மூதூர் லாஞ்ச் ஓடிய ஒரு நாள்
மீன்பெட்டிக்கு மேல் றபானை வைத்துக்கொண்டு
வந்திறங்கினார் கலந்தர் லெப்பை.
திரும்பிப் போக லாஞ்ச் இல்லை.
பக்கத்து வளவில் மருமகன் வீடு. நடுவில் கிடுகு வேலி.
நாங்கள் ஐந்து பேர் இங்கால்,
அவர் ஒற்றையாய் அங்கால்,
சட்டப்படி.

அவருடைய அடி வேலி தாண்டி வர
ஒரு மயிரிழை பிந்தும்.
முதல் நாள் சிரித்தோம். இரண்டாம் நாள் சண்டை.
‘நீங்க முந்துறீங்க’ என்றது வேலி.
‘நீங்கதான் காக்கா பிந்துறீங்கள்’ என்றாள் சோமலதா.
பத்தாம் நாள் பார்த்தால்
அந்த மயிரிழைக்குள் மூச்செடுக்கப்
பழகியிருந்தாள் கிளாரிஸ்.

மடத்தடிச் சந்தியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
‘என்ன கம்பி?’
பாட்டுக் கம்பி.
கொப்பியில் என்னவோ எழுதினான் அந்தப் பொடியன்.
சிங்களம் வாசிக்கத் தெரிந்த புவிதாசன்
தலைகீழாய் வாசித்துவந்து சொன்னான்:
பெட்டி ஒன்று. வயர் நான்கு. வெடிக்காது.

அவன்தான் ஒருநாள் கேட்டான், மார் என்றால் என்ன என்று.
கடல் என்றாள் கிளாரிஸ்.
நமக்கு அது நெஞ்செல்லோ என்றான்.
உட்துறைமுகப் பக்கம் பரா வெளிச்சம் ஒன்று
ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.
அதன்பிறகு அந்தச் சொல் வருமிடத்தில்
ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொண்டோம்.

முதல் கலியாணம் பகல் இரண்டு மணிக்கு.
மாப்பிள்ளை, பொம்பிளை, பாதர், சாட்சி இரண்டு.
ஐந்து முடிந்தது.
நாங்கள் அடுத்த வளவில்,
றபான் அதற்கும் அடுத்த வளவில்.
சனம் ஐந்தைந்தாய்ப் பிரிந்து
தெருவின் எல்லா முற்றத்திலும் ஆடியது.
பொம்பிளையின் தகப்பன் மட்டும் கணக்குப் பிழைத்து
ஒழுங்கையில் தனியே நின்று கை தட்டினார்.

மாரி தொடங்க ஒரு சுற்றிவளைப்பு.
சாக்குக்குள் இருந்த தலை இரண்டுதரம் ஆடியது.
முத்திரை மை காயாத விரலோடு
ஏற்றிப் போனார்கள்.
மண்டலினை எர்மன் ஆணியில் மாட்டினார்.
நாலு நாளைக்கொருக்கா இறக்கிச் சுதி சேர்ப்பார்,
வாசிக்கமாட்டார்.

தடை நீங்கியது என்று அந்த ஜீப் மறுபடி வந்தபோது
நாங்கள் ஆறு பேர் இல்லை.

கலந்தர் காக்கா படலையைத் திறந்து உள்ளே வந்தார்.
வாசிக்கும்போது கண்ணை மூடுவார் என்பது
அன்றைக்குத்தான் தெரியும்.
அடி நேரத்துக்கு வந்தது, பிசகாமல்.
இரண்டாம் வரியில் பாட்டு தடுக்கி விழுந்தது.
மூச்செடுக்க இடமில்லாமல்
கிளாரிஸ் வாயைத் திறந்தபடி நின்றாள்.

‘காக்கா, கொஞ்சம் அங்கால போறீங்களா?’

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
றபானை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கறையான் தின்ற வேலிக்குப் பின்னால் போனார்.
கிடுகின் ஓட்டையில் அவர் சாரன் தெரிந்தது.

எர்மன் வில்லை எடுத்தார்.
மண்டலின் வரவேண்டிய நாலு தட்டை
எண்ணிக்கொண்டு நின்றோம்.