கைம்மாறு

காட்டோவிட்ஸே, பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே உலகம் இன்னும் முடியவில்லை.
டிராம் ஓடுகிறது. பனி அழுக்காகக் கிடக்கிறது.
உள்ளே, எங்கள் உலகம் முடிந்து பதினான்கு வருடம்.

அதைத்தான் புதுப்பிக்கிறோம்.
புதிய வானம், புதிய துரு.
துருவுக்கென்றே ஓர் ஆள், போஷிதார்;
ஒரு வாளியின் விளிம்போடு மூன்று நாளாய் மல்லுக்கட்டுகிறான்.

நான் ஹால்ஷ்கா. தாகம் என் துறை.
எத்தனை அடி நடந்தால் நாக்கு உலரும்,
ஒரு குடுவை எத்தனை மணி தாங்கும்,
கதிர்வீச்சுக் குட்டையில் குனிந்து குடித்தால்
உடம்பில் என்னென்ன குறையும்,
எல்லாம் என் கணக்கு.

ரசிகர்கள் அடித்துக்கொள்ளாத இடம்
அந்தப் பாழ்நிலத்தில் ஒரு சாண்கூட இல்லை.
மேலிருந்து சாய்வாகப் பார்த்த உலகத்தைக்
கண்மட்டத்துக்கு இறக்காதே என்று ஒரு கட்சி.
முறைவைத்துச் சுடுவதே போர்,
மற்றதெல்லாம் கொசு அடிப்பது என்று ஒரு கட்சி.
சுரங்க லிஃப்டின் பித்தளை வில்லை எப்படிக் காசாகும் என்று
பொருளாதாரம் படித்த ஒருவர்
நாற்பது பக்கம் எழுதி அனுப்பினார்.
(படித்தேன். அவர் சொன்னதுதான் சரி.)
தாக அளவியைப் பிடுங்கி எறியச் சொல்லி
வாரம் ஒருவர் என்னைத் திட்டுகிறார்.
பழகிவிட்டது.

பழகாதது தித்துஸ்.

நீரேற்று நிலையத்துப் படிக்கட்டில்
கால் நசுங்கிக் கிடப்பவன்.
தண்ணீர் கேட்பான்.
கொடுக்கலாம், கொடுக்காமல் தாண்டிப் போகலாம்.
கொடுத்தால் குடிப்பான்.
அவ்வளவுதான்.
அனுபவப் புள்ளி இல்லை, நற்பெயர் ஏறாது,
சாவி தரமாட்டான், ரகசிய வழி சொல்லமாட்டான்.
நன்றி என்ற வசனம்கூட அவனுக்கு இல்லை.
திரும்பி வந்து பார்த்தால் செத்திருப்பான்,
கொடுத்திருந்தாலும், கொடுக்காதிருந்தாலும்.

பிழை என்றது ஒரு படை.
இந்த ஆட்டத்தின் ஒரே நேர்மையான இடம் என்றது இன்னொன்று.
நட்பு முறிந்ததுண்டு.
எதிரெதிர்ப் படையில் இருந்த இருவருக்குக்
கல்யாணமும் நடந்தது;
குடுவைப் படம் போட்ட அழைப்பிதழ்
எனக்கும் ஒன்று வந்தது.

நடந்தது இது:
வெள்ளிக்கிழமை. கிளிவிட்ஸே போகும் ஐந்து நாற்பது ரயில்.
அட்டவணையில் கைம்மாறு என்ற கட்டத்தைத்
திங்கள் நிரப்பலாம் என்று விட்டேன்.
திங்களன்று வேறெதுவோ தீப்பிடித்திருந்தது.

போன மாதம் அரங்கில் கேள்வி நேரம்.
க்னியெவ்கோ என்றொருவர், டிராம் ஓட்டுநர்,
சீருடையோடே வந்தவர்,
ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.
"பதினொரு தடவை ஆடி முடித்தேன்.
ஏழு தடவை கொடுத்தேன்.
கொடுக்காத நான்கு தடவையும்
என் பையில் எத்தனை குடுவை இருந்ததென்று
இப்போது கேட்டாலும் சொல்வேன்.
தெரிந்துதான் அப்படி வைத்தீர்களா?"

எண்ணூறு பேர் இருமலை அடக்கினார்கள்.
எனக்கு முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.
அரங்கு சிரித்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டது.
அவர் மட்டும் சிரிக்கவில்லை.

இன்று யாகோதா பட்டியலோடு வந்தாள், தயாரிப்பாளர்:
திருத்த வேண்டிய பழைய பிழைகள் இருநூற்றுப் பதினாறு.
நூற்றெழுபதாவது வரி, தித்துஸ்.
"ஐம்பது புள்ளி போட்டுவிடு.
பாதிப் பேர் வாயை மூடுவார்கள்."
மீதிப் பேர்?
"அவர்கள் எதற்கும் மூடமாட்டார்கள்."

கட்டத்தைத் திறந்தேன்.
பதினான்கு வருட வெறுமையில் கர்சர் துடித்தது.
ஐம்பது என்று அடித்து, ஆட்டத்தை ஓட்டி,
படிக்கட்டு வரை நடந்து, தண்ணீர் கொடுத்தேன்.
மூலையில் பச்சை எழுத்து எழும்பியது.
சின்னதாக ஒரு மணியோசை.
தித்துஸ் குடித்ததை நான் பார்க்கவில்லை.
கண் பச்சைக்குப் போயிருந்தது.

அழித்தேன்.
காலியாக விட்டால் மறுபடியும் மறதிதான்.
ஆகவே ஒரு சுழியம் அடித்தேன். சேமித்தேன்.
நூற்றெழுபதாவது வரிக்கு எதிரே
திருத்தப்பட்டது என்று எழுதினேன்.

போஷிதார் தலையை நீட்டி,
வாளிக்குத் துரு போதுமா என்றான்.
ஐந்து நாற்பது போய்விட்டது.
அடுத்த ரயில் ஆறு பத்துக்கு.